பத்தாம் நிமிடம்

நான்கு போல்ட்டைக் கழற்றி
முனையப் பெட்டியைத் திறந்தபோது
ஆற்றின் வாசனைதான் முதலில் வந்தது.
பிறகு ஒரு பிர்ச் இலை,
செம்புக் கம்பிகளுக்கு நடுவே,
யாரோ புத்தகத்தில் வைத்து மறந்ததுபோல்.

ஸ்வனேத்தி மலையின் இந்தச் சின்ன நீர்மின் நிலையத்துக்குள்
பதினொரு நாளுக்கு முன்பு
ஆறே நேரில் வந்து போயிருக்கிறது.
சுவரில் இடுப்பளவுக்கு ஒரு சேற்றுக் கோடு.

ஊரில் மின்தடை.
சுருளில் மின்தடை இருக்கிறதா
என்பதுதான் கேள்வி.
இரண்டுக்கும் நடுவே
குதாயிசியிலிருந்து ஏழு மணி நேரம் வேனில் குலுங்கி வந்த நானும்
என் மஞ்சள் பெட்டியும்.

சிவப்புக் கம்பியைச் சுருளின் வாலில் மாட்டினேன்,
கறுப்பை இரும்புக் கூட்டில்.
இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ட்.
பயப்படாதே பிமுர்ஸா,
இது கதவைத் தட்டிப் பார்ப்பது மாதிரி.
உள்ளேயிருந்து யாரும் திறக்கக் கூடாது,
அவ்வளவுதான்.

முதல் நிமிடம். நாற்பத்தொரு மெகாஓம்.
"நல்ல எண்தானே?" முகமெல்லாம் பல் அவனுக்கு.
ஒற்றை எண்ணை நம்பாதே என்றேன்.
பத்தாம் நிமிடத்தில் இது இரண்டு மடங்காக வேண்டும்.
நல்ல காப்பு நேரம் ஆக ஆக இறுகும்.
நனைந்தது
முதலில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டு. நாற்பத்தைந்து.
வெளியே டிராக்டரில் வந்தவர்கள்
குளிருக்குக் கால் மாற்றி நிற்கிறார்கள்.
ரொட்டிக்கடை லமாரா
விறகில் சுட்டது ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினாள்.
ஒரு பக்கம் கரி.
சனிக்கிழமை அவள் தம்பிக்குக் கல்யாணம்,
மின்அடுப்பு இல்லாமல் எண்பது பேருக்கு எப்படி என்கிறாள்,
என் கையிலிருக்கும் முள்ளைப் பார்த்தபடி.

நான்கு. நாற்பத்தொன்பது.
மதகின் கதையை பிமுர்ஸா மறுபடி சொன்னான்,
காலையில் சொன்னதுபோலவே,
அதே இடத்தில் மூச்சு வாங்கி.
இரவு இரண்டு மணி. மரம் ஒன்று வந்து அடைத்தது.
ஓடினான். நேரமில்லை.

ஆறு. ஐம்பத்துமூன்று.
ஏழு. ஐம்பத்துநான்கு.
முள்ளுக்குச் சோம்பல் வந்துவிட்டது.
அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
"நான் அங்கே இல்லை," என்றான்.
யாரிடம் என்று தெரியவில்லை,
முள்ளிடமாக இருக்கலாம்.
"நார்தி ஆடப் போயிருந்தேன், மேல்வீட்டுக்கு.
ஜெயித்துக்கொண்டிருந்தேன்."

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
வெப்பநிலை, ஈரப்பதம், கருவியின் வரிசை எண்.
இதற்குக் கட்டம் இல்லை.
கையுறையோடு பேனாவைப் பிடித்தபடி
எட்டும் ஒன்பதும் போக விட்டேன்.

பத்து. ஐம்பத்தேழு.
நாற்பத்தொன்றால் வகுத்தால்
ஒன்று புள்ளி நான்கு.
"இரண்டு என்று எழுதேன்," ஜன்னலிலிருந்து லமாரா,
"சின்ன எண்தானே."
எழுதலாம். இன்றிரவே விளக்கு எரியும்.
சனிக்கிழமைக்குள்
சுருளும் எரியும்.

வெல்டிங் மெஷினைத் தூக்கி வரச் சொன்னேன்.
தார்ப்பாய் போர்த்தி
மெல்லிய மின்னோட்டம், மூன்று நாள்,
அடைகாப்பதுபோல.
மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்து எழுத
ஆள் வேண்டும், ராத்திரியும்.
"நான் இருக்கிறேன்," என்றான் பிமுர்ஸா.
யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

கருவியை அணைத்தேன்.
கம்பியைக் கழற்ற அவன் கை நீட்டினான்.

தொடாதே.
சோதனையை முடித்தது நான்,
சுருள் இன்னும் முடிக்கவில்லை.
குடித்ததை ஆழத்தில் வைத்திருக்கிறது.
மண்ணோடு கட்டி நாற்பது நிமிடம் விட வேண்டும்.
அவசரப்பட்டு அவிழ்த்தால்
காலி என்று நினைத்த இடத்திலிருந்து
மறுபடி ஏறி வரும்.

மண்கம்பியை மாட்டினேன்.
நகக்கண் அளவு ஒரு பொறி.
லமாரா ரொட்டியின் கரியைச் சுரண்டத் தொடங்கினாள்.
டிராக்டர்காரர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று
பேச்செடுக்காமல்
உட்கார்ந்திருந்தோம்.